தீபாவளி ஸ்வீட் டப்பாவை வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

சிங்கப்பூர் அரசு அமைப்பொன்றின் கொள்முதல் பிரிவில் சேர்ந்து மூன்று மாதம், பொருள் சப்ளை செய்பவர் தீபாவளிக்கு ஸ்வீட் டப்பா அனுப்பியிருக்கிறார், திருப்பினால் மனம் நோகுமே, வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே வாடகை, பிள்ளைக்குப் பள்ளி, இட்லி மாவு. மாவு லிட்டில் இந்தியாவில், தேக்கா சந்தையில் கிடைக்கும். வாடகை பேச்சை எடுத்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும், விடுங்கள். டப்பாவுக்கு வருகிறேன்.

திருப்பிவிடுங்கள். இன்றைக்கே.

நான் வந்த புதிதில் எனக்கும் இதே வேலைதான். துப்புரவு ஒப்பந்தக்காரர் ஒருவர் மூன்கேக், அதாவது சீனர்களின் நிலாப் பண்டிகை இனிப்பு, ஒரு பெட்டி கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். சிவப்புப் பட்டு ஒட்டிய பெட்டி, இழுப்பறை மாதிரி திறந்தால் உள்ளே நான்கு. ஒன்றை எடுத்து ஒரு கடி கடித்துவிட்டேன். என் மேலதிகாரி ஒரு சீன அம்மா. பெட்டியைப் பார்த்தார், "யார் கொடுத்தது?" என்று கேட்டார். சொன்னேன். பேசாமல் போய் ஒரு படிவத்தோடு வந்தார். ஊரில் பொங்கலுக்குக் கரும்பு கொடுப்பதில்லையா, அது மாதிரிதானே என்றேன். "உங்கள் ஊரில்," என்றார், அவ்வளவுதான்.

அந்த "ஊர் வழக்கம்" இங்கே செல்லாது. 1960-இல் வந்த ஊழல் தடுப்புச் சட்டத்திலேயே, இது எங்கள் தொழிலில் வழக்கம்தான் என்று நீதிமன்றத்தில் வாதாட முடியாது என்று இருக்கிறது. இன்னொன்று: அரசோடு வியாபாரம் உள்ளவரிடம் அரசு ஊழியர் எதையாவது வாங்கினால் அது லஞ்சம் என்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு. அரசு ஒப்பந்தம் சம்பந்தப்பட்டதென்றால் 7 ஆண்டுவரை சிறை. மறுக்கவே முடியாத நிலையில் வந்த பரிசை மேலிடத்தில் ஒப்படைக்க வேண்டும், வேண்டுமானால் மதிப்பிட்ட விலையைக் கட்டி எடுத்துக்கொள்ளலாம். 50 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலரைத்தான் இங்கே வெள்ளி என்போம்) குறைந்ததை வைத்துக்கொள்ள இடமுண்டு. ஆனால் ஒப்பந்தக்காரரிடமிருந்து வந்ததை அந்தக் கணக்கில் சேர்க்க நினைக்காதீர்கள்.

சின்ன ஆள்களைத்தான் பிடிப்பார்கள் என்று சொல்லும் நம்மாட்கள் உண்டு. 2024 அக்டோபரில் முன்னாள் அமைச்சர் ஈஸ்வரனுக்கு 12 மாதம் சிறை. பதவி வழியாகத் தொடர்புள்ளவர்களிடம் விலைமதிப்புள்ள பொருள்களை வாங்கியதே குற்றம். பதிலுக்கு என்ன செய்து கொடுத்தார் என்று காட்ட வேண்டியிருக்கவில்லை. பட்டியலில் ஒரு பிராம்ப்டன் மடக்கு சைக்கிளும் இருந்தது. அதைப் படித்ததும் எனக்கு 2012 ஞாபகம்தான் வந்தது. அரசு அமைப்பொன்று அதே பிராம்ப்டன் 26 வாங்கியது, ஒன்று 2,200 வெள்ளி. கொள்முதலைப் பார்த்த அதிகாரி தணிக்கையாளர்களிடம் பொய் சொன்னதற்காக 5,000 வெள்ளி அபராதம் கட்டினார்.

எனக்கு எரிச்சல் நம் ஆட்கள்மேல்தான். இருபது வருஷம் இங்கே இருந்துகொண்டு, "அன்புக்குக் கொடுத்ததை வேண்டாம்னா எப்படி, சீனங்களுக்கு என்ன தெரியும்" என்பார்கள். அந்தச் சீனங்களிடம்தான் நான் கற்றுக்கொண்டேன். சீனப் புத்தாண்டுக்கு ஒப்பந்தக்காரர் அங் பாவ், அதாவது சிவப்பு உறையில் பணம், நீட்டினால் இரண்டு கையாலும் மென்மையாகத் தள்ளி, சிரித்துக்கொண்டே "வேண்டாம், வேண்டாம்" என்பார் அந்த அம்மா. யாருக்கும் மனம் நோகவில்லை. அந்தக் கைவாகு எனக்கு வர இரண்டு வருஷம் ஆயிற்று.

நீங்கள் ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: நன்றி, விதி அனுமதிக்கவில்லை, திருப்பி அனுப்புகிறேன். மேலதிகாரிக்கு நகல். டப்பாவைத் திறக்க வேண்டாம்.

நான் திறந்துவிட்டேனே. மதிப்பு 68 வெள்ளி என்று எழுதினார்கள். கடித்தது போக மூன்றேமுக்கால் மூன்கேக்குக்கு முழு விலையும் கட்டி, பெட்டியோடு ரயிலேறி அறைக்குப் போனேன். கூட இருந்த நான்கு பேரும் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே உப்பு முட்டை மஞ்சள்கரு. இனிப்பில் முட்டையா என்று ஒருவரும் தொடவில்லை. நான்கு நாள் காலைப் பசியாற அதைத்தான் தின்றேன்.