கைக்கு அடங்காத போன்

கேள்வி: புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். தினமும் 101 பஸ். ஒரு கையால் கம்பியைப் பிடித்தால் மற்றக் கையால் ஒரு மெசேஜ்கூட அடிக்க முடியவில்லை. என் கை சின்னது. புதுப் போன் வாங்கப் போனால் கடை முழுக்கப் பலகை மாதிரித்தான் இருக்கின்றன. “சின்னதை யாரக்கா இப்ப கேக்கிறாங்க?” என்கிறார் கடைத் தம்பி. உண்மையிலேயே எல்லோருக்கும் பெரிசுதான் பிடிக்குமா, அண்ணா?
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: தம்பி சொன்னது பொய் இல்லை, தங்கச்சி. பம்பலப்பிட்டியில் 19 வருசமாகப் போன் திருத்துகிறேன். பெரிய போன் வாங்குகிறவர்களைப் பகட்டுக்காரர் என்று நானும் ஒரு காலம் நினைத்தேன். அந்த நினைப்பை மாற்றியது 2021.

பள்ளிக்கூடங்கள் பூட்டியிருந்த நேரம். ஒரு தாய் ஐந்து அங்குலப் போனொன்றைக் கொண்டுவந்தார். கண்ணாடி உடையவில்லை, ஒரு பழுதும் இல்லை. “இதில எழுத்தைப் பெரிசாக்க ஏலுமா?” என்றுதான் கேட்டார். சூமில் டீச்சர் பலகையில் எழுதும் பின்னக் கணக்கில் மேலே உள்ளது மூன்றா எட்டா என்று மகனுக்குத் தெரியவில்லையாம். அந்த வீட்டில் கணினி இல்லை. மகனுக்கு வகுப்பு முடிந்தால் மகளுக்கு வகுப்பு, இரவில் கனடாவில் இருக்கும் தம்பியோடு வீடியோ கோல், எல்லாம் அந்த ஒரு போனில்தான். கடைசியில் அதைக் கொடுத்துவிட்டு, மேலே காசு போட்டு ஆறரை அங்குலம் ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். அவருக்கு அது வீட்டுக் கரும்பலகை. கையில் அடங்குகிறதா என்று பார்க்கும் நிலையில் அவர் இல்லை.

வயதானவர்களுக்கோ கண்தான் பிரச்சினை. தமிழில் வாசிப்பவர்களுக்கு இன்னும் கஷ்டம், நம் சொற்கள் நீளமானவை. சின்னத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கினால் ‘தொடர்புகொள்ளுங்கள்’ என்ற ஒரு சொல்லே இரண்டு வரியாக உடைகிறது.

அப்புறம் பற்றரி. ஒரு போனின் முதுகைக் கழற்றிக் காட்டினால் உங்களுக்கே புரியும். மூளை இருக்கிற பலகை மேலே ஒரு ஓரத்தில் ஒடுங்கிக் கிடக்கும். மிச்ச இடத்தில் பெரும்பகுதி பற்றரிதான். சின்னப் போனிலும் அந்தப் பலகை பெரிதாகச் சுருங்காது, பற்றரிதான் சுருங்கும். ஐபோன் 12 மினியில் 2227 எம்ஏஎச் (பற்றரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்ற அளவு), அதே வருசத்துப் பெரிய போனான 12 ப்ரோ மேக்ஸில் 3687. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த நாட்களில் கடைக்கு வந்தவர்கள் கேட்டதெல்லாம் “சார்ஜ் எவ்வளவு நேரம் நிக்கும்?” என்பதுதான்.

கம்பனிகளும் இதை முதலில் நம்பவில்லை. 2007இல் வந்த முதல் ஐபோன் மூன்றரை அங்குலம். கையால் சுற்றிப் பிடிக்க முடியாத போனை ஒருவரும் வாங்கமாட்டார்கள் என்று 2010இல் ஸ்டீவ் ஜொப்ஸ் சொன்னார். 2014இல் அதே ஆப்பிள் ஐந்தரை அங்குலத்தில் ஒன்றை இறக்கியது. 2020இலும் 2021இலும் மினி வந்தது. 2022இல் மினி இல்லை, அந்த இடத்துக்குப் பெரிய பிளஸ் வந்தது.

ஆனால் உங்கள் கையைக் கணக்கில் எடுக்காதது எனக்கும் சரியாகப் படவில்லை. என் மேசைக்கு வரும் உடைந்த திரைகளில் எத்தனையோ, பெருவிரலை மேல் மூலைக்கு எட்டவைக்கப் போய் நழுவி விழுந்தவை. பெண்கள்தான் அதிகம் கொண்டுவருகிறார்கள். கவனக்குறைவு என்று வீட்டில் ஏச்சு வேறு வாங்குகிறார்கள். அது அவர்களுடைய பிழை இல்லை.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? அங்குலக் கணக்கைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அது மூலைக்கு மூலை அளக்கிற அளவு. இப்போதைய போன்கள் முன்னையவற்றைவிட நெடுப்பமானவை. ஐபோன் 8 பிளஸ் ஐந்தரை அங்குலம்தான், ஆனால் அகலம் 78 மில்லிமீட்டர். 6.1 அங்குல ஐபோன் 13 எழுபத்தொன்றரைதான். சாம்சங் எஸ்24 இன்னும் கொஞ்சம் ஒடுக்கம், 70.6. ஆகவே கடையில் அகலத்தைக் கேளுங்கள். 72க்குக் கீழே என்றால் உங்களுக்குச் சரிவரும். பாவித்த மினி ஒன்று கிடைத்தாலும் நல்லதுதான். பற்றரியின் நிலையைப் பாருங்கள், *#06# அடித்து ஐஎம்இஐ இலக்கத்தை, அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள இலக்கத்தை, எடுத்துத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிசு ஒன்றைத்தான் வாங்க வேண்டிவந்தால், செட்டிங்ஸில் ஒற்றைக் கை முறை இருக்கும், திரை கீழே இறங்கி வரும். அதைக் கடையிலேயே போட்டுத் தரச் சொல்லுங்கள். வாங்குமுன் பஸ்ஸில் நிற்கிற மாதிரி ஒரு கையை மேலே தூக்கிக்கொண்டு, மற்றக் கையால் ஒரு மெசேஜ் அடித்துப் பாருங்கள். கவரைப் போட்டுவிட்டு அடியுங்கள், கவரே சில மில்லிமீட்டரைக் கூட்டிவிடும்.