எத்திக்ஸ் கமிட்டிக்குப் போகும் முன்பே சைகை மொழிபெயர்ப்பாளரைப் பிடியுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மருத்துவம், நர்சிங் படிக்கும் பிள்ளைகள் ப்ராஜெக்ட் வேலையாக ஊர்களுக்குள் இறங்கும் சமயம் இது. காது கேளாதவர்களிடம் தகவல் சேகரிப்பது பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

பென்னாகரம் பக்கம் வீடு வீடாகப் போய்ப் பல்லில் ஃபுளோரைடு பாதிப்பைக் கணக்கெடுக்கிறோம். காது கேளாதவர்களை விட்டுவிடலாம் என்கிறார் கைடு. சரியா? – பயிற்சி மருத்துவர், தருமபுரி

சரியில்லை. ‘தகவல் தர இயலாதோர் நீக்கப்பட்டனர்’ என்று ஒரு வரி எழுதித் தப்பிப்பது பழக்கமாகிவிட்டது. அவர்களும் அதே போர் தண்ணீரைத்தானே குடித்தார்கள்? பல்லில் ஃபுளோரைடு பாதிப்பு எவ்வளவு என்று தரம் பிரிக்கும் டீன் குறியீட்டின்படி பல்லைப் பார்த்துக் குறிக்கப் பேச்சே வேண்டாம். சம்மதம் வாங்கவும், சிறு வயதில் எந்தத் தண்ணீர் குடித்தார்கள் என்று விசாரிக்கவும்தான் மொழி வேண்டும். முன்பற்களின் எனாமல் உருவாகும் வயதில், அதாவது சுமார் எட்டு வயது வரை, குடித்த தண்ணீர்தான் கணக்கு. காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியது 2013-இல். அப்போதே எட்டு வயதைத் தாண்டியிருந்தவரிடம் குழாய்த் தண்ணீரைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வந்தால் பயனில்லை. அதற்கு முந்தைய கதையைக் கேட்க வேண்டும். அதற்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.

காது கேளாத தாய்மார்களின் பிரசவ அனுபவம் பற்றி நேர்காணல் செய்கிறேன். அவர்களுடைய அம்மாவோ மாமியாரோ சொல்வதை எழுதிக்கொள்ளலாமா? – நர்சிங் மாணவி, தேன்கனிக்கோட்டை

நீங்களே யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண் முகம் சிவக்க, கை ஓயாமல் ஏதோ சொல்கிறாள். முடித்ததும் மாமியார், “ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் பாத்துக்கிட்டோம்னு சொல்றா” என்கிறார். உங்கள் தீசிஸில் ஏறுவது யாருடைய அனுபவம்? குடும்பக் கட்டுப்பாடு, வீட்டில் நடக்கும் அடி உதை பற்றியெல்லாம் அந்த வழியில் ஒரு வார்த்தை வராது. அவளுடைய பிள்ளையை இடையில் நிறுத்துவது அதைவிட மோசம்.

அதற்காகச் சான்றிதழ் பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஓசூரிலிருந்து அழைத்துப் போனால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. பள்ளிக்கூடமே போகாத பெண்ணாக இருந்தால் இந்தியச் சைகை மொழி தெரியாமல் இருக்கலாம். வீட்டுக்குள் உருவான சைகைகள் மட்டும் தெரிந்திருக்கலாம். அப்போது காது கேளாத இன்னொருவரை, முடிந்தால் பெண்ணை, மொழிபெயர்ப்பாளரோடு சேர்த்து உட்கார வையுங்கள். ஜாடையாகச் சொல்வதைப் பிடித்துக்கொள்வதில் அவர்களுக்கு இணை இல்லை. ஊர், வயது, எந்த ஆஸ்பத்திரி என்ற விவரங்களை வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளலாம், அதோடு சரி.

மொழிபெயர்ப்பாளர் உங்களுக்குப் பக்கத்தில், அரை அடி பின்தள்ளி, அந்தப் பெண்ணைப் பார்த்தபடி உட்காரட்டும். நீங்களும் அவளைப் பார்த்தே பேசுங்கள். “அவங்களைக் கேளுங்க” என்று மொழிபெயர்ப்பாளரிடம் திரும்பாதீர்கள். நம் ஊர் வீடுகளில் வெளிச்சம் வருவது வாசல் வழியாக. வாசலுக்கு முதுகு காட்டி இருவரும் உட்கார்ந்தால் முகமும் கையும் இருட்டாகத்தான் தெரியும். அரை மணிக்கொரு முறை இடைவெளி விடுங்கள். கை ஓய்ந்தாலும் கவனம் ஓய்ந்தாலும் மொழிபெயர்ப்பில் ஓட்டை விழும்.

மனச்சோர்வை அளக்கும் பி.ஹெச்.க்யூ-9 கேள்விப் படிவத்தைத் தமிழில் அச்சடித்துக் கொடுத்துப் படித்து நிரப்பச் சொன்னால் போதாதா? – அரூர்

படித்தவர்களுக்குப் போதலாம். ஆனால் காது கேளாத பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி. அந்தப் படிவம் கேட்பது கடந்த 2 வாரங்களைப் பற்றி. பதில் 0 முதல் 3 வரை. காலண்டரில் அந்த 14 நாளை வளைத்துக் காட்டி, நான்கு விடைகளையும் படமாக வைத்து, சைகையில் கேட்கச் செய்யுங்கள். அப்புறம் சைகையில் கேட்டதை, படிவத்தைப் பார்க்காத வேறொருவரிடம் தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்லி ஒப்பிடுங்கள். தமிழ்ப் படிவம் சரிபார்க்கப்பட்டது என்பதைச் சைகை வடிவத்துக்கும் சான்றாகக் காட்ட முடியாது.

வீடியோ எடுத்தபின் முகத்தை மறைத்துவிட்டால் ரகசியம் காத்தது ஆகுமா? – ஊத்தங்கரை

முகத்தை மறைத்தால் பேச்சில் பாதி போய்விடும். புருவத்தை உயர்த்துவது கேள்வி, தலையை இடவலமாக ஆட்டுவது மறுப்பு. சைகை மொழியில் முகமும் இலக்கணம். ஆகவே வீடியோவைப் பூட்டி வையுங்கள். எழுத்தாக்கியதை மட்டும் வெளியிடுங்கள். எழுத்தாக்க எலான் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. வகுப்பில் போட்டுக் காட்டுவதற்குத் தனியாகச் சம்மதம் வேண்டும். காது கேளாதோர் வட்டம் சின்னது. பெயரை எடுத்துவிட்டாலும் ‘பாலக்கோட்டில் தையல் கடை வைத்திருப்பவர்’ என்றால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதி வாங்கிவிட்டோம். இப்போது மொழிபெயர்ப்பாளரைச் சேர்க்கலாமா? – கிருஷ்ணகிரி

திருத்தம் சமர்ப்பித்து மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும். நேர்காணலில் வருவதெல்லாம் அவருக்கும் தெரியப்போகிறது. ரகசியக் காப்பு உறுதிமொழி வேண்டும், சம்பளம் பட்ஜெட்டில் வேண்டும். முதல் விண்ணப்பத்திலேயே சேர்த்திருந்தால் இந்த அலைச்சல் இல்லை. பங்கேற்பவர் 18 வயதுக்குக் கீழ் என்றால், ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017 நெறிமுறைப்படி பெற்றோர் சம்மதத்தோடு, 7 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் இசைவும் தேவை. அதுவும் சைகையில்தான்.

எத்தனை டெசிபெல் இருந்தால் காது கேளாதவர்? – போச்சம்பள்ளி

மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான 2016 சட்டப்படி இரு காதிலும் 70 டெசிபெல் இழப்பு. 60 முதல் 70 வரை கேட்கும் திறன் குறைந்தவர். ஆய்வில் இதோடு, அவர் எந்த மொழியில் பேசுகிறார் என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

பிளஸ் 2 முடித்திருக்கிறேன். மொழிபெயர்ப்பாளர் ஆக வழி? – காரிமங்கலம்

டெல்லியில் 2015-இல் தொடங்கிய இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் மொழிபெயர்ப்புக்கான டிப்ளமோ நடத்துகிறது. எங்கே சேர்வதானாலும், இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.