வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் மகளுக்கு

கேள்வி: விழுப்புரம் பக்கம் தையல் வேலை செய்கிறேன். என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசு உதவி பெறும் பள்ளியில், தமிழ் வழியில் படித்தவள். பொறியியல் கவுன்சிலிங்குக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். எங்கள் குடும்பத்தில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. என்ன உதவி கிடைக்கும்? பாடம் ஆங்கிலத்தில் நடக்குமே என்று இப்போதே பயப்படுகிறாள்.

பதில்: அம்மா, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தால் விடுதிக் கட்டணம்வரை அரசே கட்டும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உண்மைதான், ஆனால் அது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும், உதவி பெறும் பள்ளிக்கு இல்லை. ஒரே தெருவில் வளரும் பிள்ளைகளை இப்படிப் பிரிப்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

உங்களுக்கு இருப்பது முதல் பட்டதாரி சலுகை. 2010 முதல் நடைமுறையில் இருக்கிறது, வருமான வரம்பு கிடையாது. ஆனால் ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான். கல்விக் கட்டணத்தில்தான் சலுகை. பஸ், விடுதி, தேர்வுக் கட்டணம் எல்லாம் உங்கள் கையிலிருந்துதான் போகும், அதற்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு வையுங்கள். சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) என்று ஒவ்வொருவரிடமாகப் போய் வர நாளாகும், கவுன்சிலிங் விண்ணப்பத்திலோ அதைக் கேட்பார்கள். அப்புறம், ‘இப்போதே பணம் கட்டி சீட் எடுத்துக்கொள்ளுங்கள், சலுகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மேனேஜ்மென்ட் கோட்டாவில், அதாவது கவுன்சிலிங் இல்லாமல் கல்லூரியே நேரடியாகத் தரும் சீட்டில் சேர்ந்தால் இந்தச் சலுகை கிடையாது. இப்படி ஏமாந்து, வட்டிக்கு வாங்கிக் கட்டிய பெற்றோர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். 2022-இல் அரசுப் பள்ளி மாணவிகளுக்காகத் தொடங்கியது, பிறகு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்துவிட்டார்கள். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது வரும். கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். மகள் பெயரில் ஆதார் இணைத்த பேங்க் கணக்கு இப்போதே இருக்கட்டும்.

சரி, ஆங்கிலம். எனக்குப் பணத்தைவிட இதில்தான் அக்கறை அதிகம், ஏனென்றால் கட்டணச் சலுகையோடு வந்து சேர்ந்த நல்ல பிள்ளைகள் முதல் செமஸ்டரிலேயே மனம் உடைந்து நிற்பதைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன். முதல் செமஸ்டர் கணக்கில் பல பகுதிகள் அவள் பள்ளியிலேயே பார்த்ததுதான்: ‘அணி’ என்று படித்தது ‘மேட்ரிக்ஸ்’ ஆகும், ‘வகைக்கெழு’ ‘டெரிவேட்டிவ்’ ஆகும், ‘தொகையிடல்’ ‘இன்டக்ரேஷன்’ ஆகும். பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கல்லூரி திறப்பதற்குள் இரண்டையும் பக்கத்தில் வைத்து, தெரிந்த கணக்கையே ஆங்கிலத்தில் ஒரு முறை போட்டுப் பார்க்கட்டும்.

சேர்ந்ததும் முதல் மூன்று வாரம் அறிமுக வகுப்பு நடத்த வேண்டும் என்பது பொறியியல் கல்லூரிகளை நெறிப்படுத்தும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.-யின் வழிகாட்டுதல். அந்த நாட்களிலேயே தன் மென்டர் (வழிகாட்டும் ஆசிரியர்) யார், மாலையில் தனி வகுப்பு உண்டா என்று கேட்டுவிடட்டும். நம் பிள்ளைகள் கேட்கத் தயங்குவார்கள், அதனால் சேர்க்கை அன்று நீங்களே கேளுங்கள் அம்மா. அப்படியும் ஒரு பேப்பர் போய்விட்டால் திட்டாதீர்கள், படிப்பை நிறுத்தவும் வேண்டாம். அடுத்த முறை அரியர் எழுதித் தேறிவிடலாம்.