பத்து மாத அட்வான்ஸ் போதாதென்று முன்வாடகையுமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் ஒரு மாடி போர்ஷன் பார்த்திருக்கிறோம், வாடகை 9,000. பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் வீட்டுக்காரர், கூடவே மூன்று மாத வாடகையையும் முன்கூட்டியே கொடுத்துவிடச் சொல்கிறார். இப்படிக் கேட்கலாமா?
- வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: கேட்பதற்கென்ன, வாயிருக்கிறது கேட்கிறார்! தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது. உங்கள் கணக்கில் 27,000. ஆனால் இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் அது செல்லும் என்று அதே பிரிவில் ஒரு சந்தும் இருப்பதால், பத்து மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் சட்டம் பேசுவது கஷ்டம். பேரம் பேசுவதென்றால் இப்போதே பேசுங்கள்.

முன்வாடகை வேறு கதை. அட்வான்ஸ் திரும்பி வரவேண்டிய பணம், முன்வாடகை மாதாமாதம் கழிகிற பணம். இரண்டையும் ஒன்றாக்கி '1,17,000 பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். அட்வான்ஸ் எவ்வளவு, எந்தெந்த மாதத்துக்கு வாடகை என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். நடுவில் காலி செய்தால் மிச்ச முன்வாடகை திரும்ப உண்டா என்பதும் அக்ரிமென்டில் வரட்டும். பணத்தை பேங்க் வழியாகவே அனுப்புங்கள். ரொக்கம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் ரசீது கேளுங்கள், அது உங்கள் உரிமை.

காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கிகளைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் இருக்கிறதே, அதையும் சாவி வாங்குவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.