அப்புச்சி புல்லட்டா, புது வண்டியா?

கேள்வி: எங்கள் ஊர் அவிநாசிக்குப் பக்கம். வேலை கோவை பீளமேட்டில். தினமும் போக வர 60 கி.மீ.க்கு மேல் ஆகிறது. அப்புச்சி (அம்மாவின் அப்பா) ஓட்டிய பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் 350, அவர் காலமானதிலிருந்து நாலு வருடமாகத் தோட்டத்துச் சாளையில் நிற்கிறது. அதைத் தயார் செய்து வேலைக்கு ஓட்டலாமா, இல்லை புது 350 வாங்கலாமா? ஷோரூமில் புது வண்டியை ஓட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் போகிறது, ஆனால் அந்தக் களை இல்லை. மச்சான் ஒரு யமஹா ஆர்.எக்ஸ். 100 விலைக்கு வருகிறது, அதை வாங்கு என்கிறார். என்ன செய்யட்டுங்க?

பதில்: முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் தம்பி. வேலைக்குப் புது வண்டி வாங்குங்கள். அப்புச்சி வண்டியை விற்காதீர்கள், தயார் செய்யுங்கள், ஆனால் தினசரி ஓட்டத்துக்கு அதை இழுக்காதீர்கள். ஆர்.எக்ஸ். 100-ஐ இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

புது வண்டியில் களை இல்லை என்று நீங்கள் சொல்வது மனப்பிரமை இல்லை. இன்ஜினைப் பிரித்தால் காரணத்தைக் கையில் எடுத்தே காட்டலாம். சக்தியில் பெரிய வித்தியாசம் கிடையாது. பழைய புல்லட் சுமார் 18 குதிரைத்திறன், இன்றைய ராயல் என்ஃபீல்டு 350 சுமார் 20. வித்தியாசம் அந்தச் சக்தி வருகிற விதத்தில் இருக்கிறது.

பழைய இன்ஜினில் சிலிண்டர் குறுக்களவு 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான ஃப்ளைவீல் சக்கரம் வேறு. அதனால் ஆக்சிலேட்டரை முறுக்காமலே மெதுவாகச் சுற்றி இழுக்கும், ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் காதில் விழும். ஒற்றைச் சிலிண்டரின் உதறலை அடக்க அதில் தனி ஏற்பாடு எதுவும் இல்லை, அது அப்படியே ஹேண்டில்பாருக்கும் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் வரும். புது இன்ஜின் 72க்கு 85.8. உள்ளே பேலன்சர் ஷாஃப்ட் ஒன்று எதிர்த்திசையில் சுற்றி உதறலைத் தின்றுவிடுகிறது. பழையதில் நீங்கள் முறுக்கும் கேபிள், காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரின் ஸ்லைடை நேராகத் தூக்கும். புதியதில் காற்றையும் சூட்டையும் சென்சார்கள் அளந்து சொல்ல, எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்பதை ஒரு சின்னக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு பெட்ரோல் கலவையை இஷ்டத்துக்குக் கூட்டவும் முடியாது. சைலன்சர் வழியில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உட்கார்ந்திருக்கிறது, சத்தமும் அதில் கொஞ்சம் அடங்கிவிடும்.

ஆகவே உங்களுக்குப் பிடித்த அந்தக் களை உதறல், கனம், தாராளமான பெட்ரோல், அடங்காத சத்தம் இவற்றால் ஆனது. அதே உதறல்தான் நட்டுகளைத் தளர்த்தும், பல்பை ஃபியூஸ் ஆக்கும், கருமத்தம்பட்டி தாண்டுவதற்குள் உள்ளங்கையை மரத்துப்போகச் செய்யும். களையும் தொல்லையும் ஒரே பாகத்திலிருந்து வருகின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றைக் கழற்றிப் போட முடியாது. வாரத்தில் ஒரு நாள் என்றால் அந்தத் தொல்லை சுகமாக இருக்கும். காலை ஷிப்டுக்கு நேரமாகிவிட்ட அன்று இருக்காது.

மச்சான் சொல்கிற ஆர்.எக்ஸ். 100 அருமையான வண்டிதான், மறுக்கவில்லை. 98 சி.சி., சுமார் 11 குதிரைத்திறன், எடை ஏறத்தாழ 100 கிலோ. டூ ஸ்ட்ரோக் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் வெடிக்கும், அந்தத் துள்ளல் அதில்தான் இருக்கிறது. ஆனால் 1985-இல் வந்து 1996-இல் உற்பத்தி நின்ற வண்டி அது. இன்று சந்தைக்கு வருகிறவற்றில் பலது மூன்று வண்டியின் பாகங்களை ஒன்றாகக் கோத்தது, இன்ஜின் நம்பரைத் தேய்த்துத் திரும்ப அடித்ததும் கலந்து வருகிறது. ஆடிக் காற்றில் பல்லடம், உடுமலைப் பக்கம் லேசான வண்டியை ஓட்டியவர்களுக்குத் தெரியும், எதிரே ஒரு லாரி கடந்தால் வண்டி எப்படி ஒதுங்கும் என்று. மச்சானுக்கு அவ்வளவு ஆசை என்றால் அவரே வாங்கட்டும்.

இப்போது பிரேக்குக்கு வருகிறேன். வேலைக்குப் பழைய புல்லட் வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்ல இதுதான் காரணம். நீலாம்பூரில் வேகமாக வருகிற லாரிகளுக்கு நடுவில் திடீரென்று நிற்க வேண்டிவந்தால், டிரம் பிரேக்கை நம்பி எந்த வாலிபனையும் அனுப்ப எனக்கு மனசு வராது. மழை நாளில் பிரேக் லைனரில் தண்ணீர் ஏறிவிட்டால் முதல் இரண்டு பிடிக்கு ஒன்றுமே நடக்காது. 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகள் அனைத்துக்கும் 2019 ஏப்ரலிலிருந்து ஏ.பி.எஸ். கட்டாயம். நனைந்த ரோட்டில் பதறிப்போய் அழுத்தினாலும் ஏ.பி.எஸ். உள்ள சக்கரம் பூட்டிக்கொள்ளாது. களையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், இந்த ஒரு விஷயத்தில் பழையதற்கு வக்காலத்து வாங்க முடியாது.

இன்னொரு ஆபத்து, யாரும் முன்கூட்டிச் சொல்லித் தரமாட்டார்கள். அப்புச்சி காலத்துப் புல்லட்டில் கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. வாரம் முழுக்கப் புது வண்டி ஓட்டிப் பழகிய கால், ஞாயிற்றுக்கிழமை குறுக்கே ஒரு நாய் ஓடி வந்தால் என்ன செய்யும்? பிரேக் என்று நினைத்து வலது காலால் ஓங்கி மிதிக்கும். அது கியர் லீவர். அடுத்த கியர் விழும், வண்டி நிற்காது. அதனால் புல்லட்டை எடுக்கிற ஒவ்வொரு முறையும் தோட்டத்துத் தடத்திலேயே நாலைந்து தடவை ஓட்டி நிறுத்திப் பழகிவிட்டு ரோட்டில் ஏறுங்கள். லிங்க் வைத்து கியரை இடது பக்கம் மாற்றித் தருகிறேன் என்று பட்டறையில் சொல்வார்கள். எனக்கு அதில் விருப்பம் இல்லை. இடையில் மூட்டுகள் கூடக்கூட கியர் சரியாக விழாமல் நியூட்ரலில் தங்கும்.

சரி, வண்டியைத் தயார் செய்வது எப்படி? சாளைக்குப் போனதும் ஆசையில் கிக்கரை உதைக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்கி, பிஸ்டன் இறுகாமல் அசைகிறதா என்று பாருங்கள். அப்புறம் அடியில் இருக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றி ஆயிலை முழுக்க இறக்குங்கள். புல்லட் வெகு நாள் நின்றால் ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் இருக்கும் அறைக்குள் இறங்கிவிடும். அதைக் கவனிக்காமல் ஸ்டார்ட் செய்தால் சைலன்சரில் புகை மண்டும். அந்தப் புகையைப் பார்த்துவிட்டு, பிஸ்டன் ரிங் போயிற்று, போர் செய்ய (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்க) வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 20 கி.மீ. ஓடி நன்றாகச் சூடான பிறகும் நீலப் புகை வருகிறதா, பாரம் ஏறும்போது கீழே டக் டக் என்று தட்டுகிறதா, இந்த இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் இன்ஜினைத் திறக்கவேண்டும்.

திறக்க வேண்டியே வந்தால் உங்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கவலை இல்லை. கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் பம்புக்கும் மில்லுக்கும் வேலை செய்து பழகிய லேத் பட்டறைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. பிஸ்டனை முன்னால் வாங்கிக் கொடுத்து, அதை அளந்து அதற்கேற்ற இடைவெளி விட்டுப் போர் செய்யச் சொல்லுங்கள். இறுக்கமாகச் செய்தால் சூட்டில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். முடிந்தால் நீங்களும் கூடவே இருந்து கையில் ஸ்பேனர் பிடியுங்கள். ஜி.டி. நாயுடு ஒரு ஆங்கிலேய அதிகாரியிடமிருந்த ரட்ஜ் பைக்கை வாங்கிப் பிரித்துக் கோத்துத்தான் இயந்திரம் கற்றார். நீங்கள் தினமும் பார்க்கிற அவிநாசி சாலை மேம்பாலத்துக்கு 2025-இல் வைத்தது அவர் பெயர்தான்.

இன்ஜினுக்கு முன்னால் செலவு செய்ய வேண்டியவை வேறு. இரண்டு டயரையும் மாற்றுங்கள், பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் கல்லாகியிருக்கும். பிரேக் ஷூவுக்குப் புது லைனர் ஒட்டுங்கள், கேபிள் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். சாளையில் நின்ற வண்டி என்பதால் வயரிங்கை எலி கடித்திருக்கும். ஒட்டுப் போடாமல் முழுசாக மாற்றிவிடுவது நல்லது. குரோம் பூச்சுக்கும் பெயிண்ட்டுக்கும் கடைசியில் காசு மிஞ்சினால் பார்க்கலாம். அப்புச்சி கை பட்டுத் தேய்ந்த டேங்க்கைப் பாலிஷ் போட்டு அழிக்க வேண்டுமா என்பதையும் யோசியுங்கள்.

பெட்ரோலிலும் இப்போது கவனம் வேண்டும். பங்க்குகளில் இன்று கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் டியூபையும் வாஷரையும் அது ஊறவைத்துக் கெடுக்கும், காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து டேங்க்கில் துரு ஏற்றும். எத்தனால் தாங்கும் புது டியூப் போடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டர் காலியாகி இன்ஜின் தானே அணையும்வரை ஓடவிடுங்கள். ஓட்டிய பிறகு பிளக் வெள்ளையாக இருந்தால் கலவையில் பெட்ரோல் போதவில்லை, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்ட வேண்டும். பழுப்பு நிறம் வந்தால் சரி.

ஸ்டார்ட் செய்வதற்கும் ஒரு முறை உண்டு, வீட்டில் பெரியவர்கள் யாராவது சொல்லியிருப்பார்கள். சாவியைப் போட்டுவிட்டு கிக்கரை மெல்ல அமுக்கிக்கொண்டே ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பாருங்கள். முள் நடுவுக்கு வருகிற இடத்தில் சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அடி வரைக்கும் ஒரே உதை. அரை மனதோடு உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் பத்திரம்.

புது வண்டி பார்க்கும்போது ஷோரூம் வாசலில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துவிடாதீர்கள். மூன்றாவது கியரில் 30-இல் போய்க்கொண்டே மெதுவாக முறுக்குங்கள், திணறாமல் இழுக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் பைபாஸில் பத்து நிமிடம் 80-இல் ஓட்டி, இறங்கியதும் கை மரத்திருக்கிறதா பாருங்கள். களை தேடுகிற உங்களுக்கு குதிரைத்திறன் எண் முக்கியமில்லை, டார்க் (சுழற்றி இழுக்கும் விசை) எத்தனை ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்றில்) கிடைக்கிறது என்பதுதான் முக்கியம். இன்றைய என்ஃபீல்டு 350-இல் 27 நியூட்டன் மீட்டர் 4,000 ஆர்.பி.எம்.மிலேயே வந்துவிடும், புல்லட் பழகியவர்களுக்கு அது ஒத்துப்போகும். வாங்கிய பிறகு சைலன்சரை மாற்றாதீர்கள், ஹாரனுக்கும் லைட்டுக்கும் வயரை வெட்டாதீர்கள். பெட்ரோல் பம்ப், கம்ப்யூட்டர் எல்லாமே பேட்டரியை நம்பித்தான் ஓடுகின்றன. வயரை வெட்டி ஒட்டிய வண்டிகள்தான் வழியில் நிற்கின்றன.

பட்டறைச் செலவை ஆரம்பிக்கும் முன் ஆர்.சி. விஷயத்தை முடியுங்கள். உரிமையாளர் இறந்துவிட்டால் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கேட்பார்கள். மூன்று மாதக் கெடு தாண்டிவிட்டதால் அபராதம் இருக்கும். 15 வருடம் கடந்த வண்டி என்பதால் பதிவையும் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டியாக வேண்டும். இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட்டில் இறக்கவே கூடாது. அப்புச்சிக்கு வாரிசு என்றால் உங்கள் அம்மாவும் அவருடன் பிறந்தவர்களும், பாட்டி இருந்தால் அவரும்தானே. எல்லோரும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு வண்டியைப் பட்டறைக்கு ஏற்றுங்கள்.