ஜெயித்த மறுநாள் என்ன செய்வது? – கேள்வி பதில்

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, பாபநாசம் பக்கம் ஆறு மா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போரை முடிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில்.

மன்னார்குடி: ஐயா, ஜெயிச்சாப் போதாதா? முடிக்கிறதுக்குன்னு தனித் திட்டம் எதுக்கு?

வாய்க்காலை வெட்டித் தண்ணீர் வைத்துவிட்டு வடிகாலை மறந்தால் ஐப்பசியில் பயிர் என்ன ஆகும் தம்பி? இராக் பிடித்த குவைத்தை மீட்க அமெரிக்கா தலைமையில் நடந்த 1991 போரையே எடுத்துக்கொள்ளுங்கள். தரைப்போர் 100 மணி நேரத்தில் முடிந்தது. மார்ச் 3 அன்று இராக்கின் எல்லை ஊரான சஃப்வானில் கூடாரம் போட்டுப் பேச உட்கார்ந்தார்கள். என்ன கேட்டு வாங்க வேண்டும் என்று அமெரிக்கத் தளபதி ஸ்வார்ஸ்காப்புக்கு மேலிடம் தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை. இராக் தரப்பு, பாலங்கள் உடைந்துவிட்டன, ஹெலிகாப்டர் மட்டும் பறக்கட்டுமே என்றது. ஆயுதம் உள்ளதுமா என்று ஒரு கேள்வி. அதற்கும் ஸ்வார்ஸ்காப் சரி என்றுவிட்டார். தெற்கே கிளர்ந்தெழுந்த ஷியா மக்கள்மேல் அவைதான் பாய்ந்தன.

திருவையாறு: 2003-ல் திருந்தினார்களா?

அமெரிக்கா மறுபடி இராக்கில் நுழைந்தது; ஏப்ரல் 9 அன்று தலைநகர் பாக்தாத் விழுந்தது. மே 23 அன்று இராக் ராணுவத்தையே கலைத்து அமெரிக்க நிர்வாகத்தின் ஆணை. சம்பளம் போயிற்று, துப்பாக்கி கையில் இருந்தது. இதற்கு மேல் விளக்க வேண்டுமா?

நாகப்பட்டினம்: 1971-ஐ நாம் சரியாக முடித்தோமா சார்?

பாதி. டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரண், கைதிகள் சுமார் 93,000 பேர். மறுநாளே மேற்கிலும் நாமாகச் சண்டையை நிறுத்தினோம்; நோக்கம் கிழக்குப் பாகிஸ்தானின் விடுதலை, அது கிடைத்துவிட்டது. அந்தக் கட்டுப்பாடு அபூர்வம். ஆனால் 1972-ல் பாகிஸ்தானோடு போட்ட சிம்லா ஒப்பந்தத்தில் காஷ்மீருக்கு எழுத்தில் தீர்வு வாங்கவில்லை. வாங்கியிருக்கலாம் என்பது என் கட்சி, மறுப்பவர்கள் உண்டு.

கும்பகோணம்: நம்ம பக்கத்துல உதாரணம் இருக்கா?

இருக்கிறது. 1769-ல் சென்னை வாசலுக்கே வந்த மைசூர் ஐதர் அலியோடு ஆங்கிலேயர், ஒருவருக்கொருவர் துணை நிற்பதாகக் கையெழுத்திட்டார்கள். அடுத்த ஓரிரு ஆண்டில் மராட்டியர் மைசூர்மேல் பாய்ந்தபோது ஆங்கிலேயர் உதவிக்குப் போகவில்லை. போரை நிறுத்த எழுதிய வரி, காப்பாற்ற எழுதியதல்ல. 1780-ல் ஐதர் திரும்பி வந்தார். 1781-ல் தஞ்சைச் சீமை பாழாயிற்று. ஐதர் கலாபம் என்று எங்கள் அப்பாயி சொல்லிக் கேட்டிருக்கிறேன். சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும்.

ஒரத்தநாடு: பேச்சுவார்த்தை ஆரம்பிச்சாச்சுன்னா முடிஞ்ச மாதிரிதானே?

கொரியப் போரில் 1951 ஜூலையில் பேச உட்கார்ந்தார்கள். ஊர் திரும்ப மறுக்கும் கைதிகளை என்ன செய்வது என்பதிலேயே பெரும்பாலும் இழுத்து, 1953 ஜூலை 27-ல்தான் சண்டை நின்றது. அந்த இரண்டு வருஷமும் குன்றுக்குக் குன்று ஆள் விழுந்துகொண்டே இருந்தது. சமாதான ஒப்பந்தம் இன்றுவரை போடவில்லை.