பிரெஞ்சு இமர்ஷனா, பிரெஞ்சுப் பள்ளியா? சில கேள்விகளும் பதில்களும்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இமர்ஷன் வகுப்பிலும் பிரெஞ்சுமொழிப் பள்ளியிலும் மாறி மாறிப் பாடம் எடுத்தவள் நான். கேட்டவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: இமர்ஷனும் பிரெஞ்சுப் பள்ளியும் ஒன்றுதானே டீச்சர்?

பதில்: இல்லை. பாதிப் பெற்றோர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். இமர்ஷன், ஆங்கிலப் பள்ளி வாரியம் நடத்தும் வகுப்பு; மற்ற பாடங்களையும் பிரெஞ்சிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். வீட்டில் பிரெஞ்சு இல்லாத பிள்ளைகளுக்கானது. 1965இல் மொன்றியலுக்குப் பக்கத்தில் சென் லம்பேரில் ஆங்கிலம் பேசும் பெற்றோர் விடாமல் கேட்டு வாங்கியது.

பிரெஞ்சுமொழிப் பள்ளி, பிரெஞ்சு பெரும்பான்மையான கியூபெக் மாகாணத்துக்கு வெளியே சிறுபான்மையாக வாழும் பிரெஞ்சு மக்களுடையது. கனடாவின் 1982 உரிமைச் சாசனத்தின் 23ஆம் பிரிவு அவர்களுக்குத் தந்த உரிமை அது. பெற்றோரில் ஒருவர் கனடியக் குடிமகனாக இருந்து, தாய்மொழி பிரெஞ்சாகவோ தொடக்கப் பள்ளியைக் கனடாவில் பிரெஞ்சில் படித்தவராகவோ இருந்தால் பிள்ளைக்கு இடம் உண்டு. நமக்கு அது பொருந்தாதுதான். ஆனாலும் ஒன்டாரியோவில் சேர்க்கைக் குழுவிடம் விண்ணப்பித்துப் பார்க்கலாம். சேர்ந்தால் விளையாட்டு நேரத்திலும் பிரெஞ்சுதான் பேசச் சொல்வார்கள். கெடுபிடியாகத் தெரியும். வாசலைத் தாண்டினால் எல்லாமே ஆங்கிலம், பாவம், அவர்கள் வேறென்ன செய்வார்கள்? வீட்டு மொழி கைநழுவுவதைப் பார்த்த நமக்கு இது புரியாததா!

கேள்வி: சாதாரண பிரெஞ்சுப் பாடம் போதாதா?

பதில்: ஒன்டாரியோவில் எட்டாம் வகுப்பு முடிய அது மொத்தம் 600 மணி நேரம். இமர்ஷன் 3,800. கணக்கு உங்களுக்கே தெரிகிறது.

கேள்வி: குழம்பிவிடுவான், வீட்டில் தமிழை நிறுத்துங்கள் என்று ஒரு ஆசிரியை சொன்னார். நிறுத்தவா?

பதில்: வேண்டவே வேண்டாம். இமர்ஷன் பிள்ளைகள் பலர் ஆசிரியரையும் 'த்யு' என்றே அழைப்பார்கள். 'வூ' வாயில் வராது. ஆங்கிலத்தில் எல்லோரும் 'யூ'தானே. தமிழ் பேசும் பிள்ளையிடம் நான், "த்யு என்றால் நீ, வூ என்றால் நீங்கள். இப்போது பிரின்சிபலிடம் பேசு பார்ப்போம்" என்றேன். ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். தமிழை நிறுத்தியிருந்தால் இந்தக் குறுக்குவழி போயிருக்கும்.

கேள்வி: நான் புது ஆசிரியர். புத்தகத்தை 'லா லிவ்ர்' என்கிறார்கள், 'லு லிவ்ர்' என்று திருத்துகிறேன். மறுநாள் மறுபடி 'லா'!

பதில்: சரியான வடிவத்தை நீங்களே சொல்லிவிடுவதுதான் சிக்கல். மொழிக் கல்வி ஆய்வாளர்கள் ராய் லிஸ்டரும் லைலா ரான்டாவும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், இமர்ஷன் ஆசிரியர்களின் திருத்தங்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான். பிள்ளைகள் தாமாகத் திருத்திக்கொள்ள அதுதான் மிகக் குறைவாக உதவியது. அடுத்த முறை, "ஒரு பவுண்டு எடையையா படிக்கிறாய்?" என்று கேளுங்கள். 'லா' போட்டால் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். சிரிப்பார்கள், அப்புறம் அவர்களே 'லு' என்பார்கள்.